நாலஞ்சு ஊர் குப்பையும் ஒரே இடத்துக்குப் போகலாமா?

நீங்க கேட்டதை முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். உங்க பேரூராட்சி, பக்கத்துல ஒரு நகராட்சி, இன்னும் மூணு பேரூராட்சி, எல்லாம் 25 கிலோமீட்டருக்குள்ள இருக்கு. அஞ்சு ஊரும் தனித்தனியா ஊர் எல்லையில குப்பையைக் கொட்டி தனித்தனியா எரிச்சுட்டு இருக்கு. ஜப்பான்ல எல்லாம் பல ஊர் சேர்ந்து பண்றாங்களே, நம்மால ஏன் முடியலன்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "எங்க ஊர்ல 12 ஏக்கர் புறம்போக்கு இருக்கு, அங்கதான் எல்லா ஊர் குப்பையும் வரப்போகுதுன்னு பேச்சு, இது நல்லதா கெட்டதா"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதான் உண்மையான கேள்வி. சேரலாமாங்கறது இல்ல, சேர்ந்தா யார் வீட்டு வாசல்ல வந்து இறங்கும்ங்கறது. அதை நேராவே எடுத்துக்கறேன்.

நான் சின்ன ஊர்கள்லயே இருபது வருஷத்துக்கு மேல துப்புரவு ஆய்வாளரா வேலை பார்த்தவன். இஞ்சினியர் இல்ல, அதனால நிலநிரப்பு தளத்தோட, அதாவது குப்பை மிச்சத்தைப் புதைக்கற இடத்தோட, டிசைன் பத்தி ரொம்ப ஆழமா என்னால சொல்ல முடியாது. ஆனா குப்பை வண்டி எங்க நிக்குது, ஏன் நிக்குது, காசு எங்க மாட்டிக்குதுன்னு தினமும் பார்த்திருக்கேன்.

சுருக்கமா சொன்னா, சேரணும். ஆனா ஊர் எல்லையைத் தாண்ட வேண்டியது பிரிச்சு, கட்டி, எடை போட்ட சரக்கு மட்டும்தான். குப்பையா இருக்கறது அந்தந்த ஊர்லயே நிக்கணும். இந்த ஒரு விஷயத்துல தெளிவு இல்லாம எத்தனை ஊர் கூட்டு சேர்ந்தாலும், கடைசியில அஞ்சு சின்ன குப்பைமேட்டுக்கு பதிலா ஒரு பெரிய குப்பைமேடுதான் மிஞ்சும்.

ஏன் அப்படின்னு ஒரு ஊர் கணக்கை வச்சு பார்க்கலாம். 20,000 பேர் இருக்கற பேரூராட்சின்னு வைங்க, சின்ன ஊர்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 200லேந்து 300 கிராம் வரும்னு சொல்வாங்க, 300ன்னே வச்சுக்கிட்டா 6 டன். இதுல பாதிக்கு மேல மக்கற குப்பை, சுமார் 3 டன். இந்த 3 டன்ல பெரும்பங்கு வெறும் தண்ணி. சாம்பார் ஊறின வாழை இலை, காய்கறித் தோல், இளநீர் மட்டை, மார்க்கெட் கழிவு. இதை 25 கிலோமீட்டர் ஏத்திக்கிட்டுப் போறோம்னா டீசல் ஊத்தி தண்ணியத்தான் இழுத்துட்டுப் போறோம். வழியெல்லாம் சொட்டும், போற வழியில இருக்கற கிராமத்துக்காரங்க ஒரு வாரம் பொறுத்துக்குவாங்க, ரெண்டாவது வாரம் வண்டியை மறிப்பாங்க, அவங்க மேல தப்பே சொல்ல முடியாது. அதே 3 டன்னை அந்தந்த ஊர் வளம் மீட்பு பூங்காவுலயே, அதான் குப்பையைப் பிரிக்கற ஷெட்டுலயே, தொட்டியில போட்டு உரமாக்க பெரிய இடம் எதுவும் வேண்டாம், நாலஞ்சு ஆளும் ஒழுங்கா பிரிச்சு வர்ற குப்பையும்தான் வேணும்.

இப்ப மக்காததுக்கு வாங்க. இங்கதான் சேர்றதோட அருமை தெரியும். பெட் பாட்டில், பால் கவர், அட்டை, இரும்பு இதுக்கெல்லாம் எந்தக் கூட்டும் வேண்டாம், காயலான் கடைக்காரர் தேடி வந்து எடுத்துக்கிட்டுப் போவார். சிக்கலே அவர் தொடாத சரக்குதான். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பான் மசாலா கவர், அழுக்கான கேரி பேக், பிஞ்ச செருப்பு, ரெக்ஸின், கிழிஞ்ச துணி, தெர்மாகோல். 20,000 பேர் ஊர்ல இது ஒரு நாளைக்கு 400, 500 கிலோ தேறும். இதை வாங்கிக்கற இடம் சிமெண்ட் ஆலை, சூளையில நிலக்கரியோட சேர்த்து எரிப்பாங்க, நம்ம பக்கத்து ஊர்கள்லேந்து அரியலூர் ஆலைகளுக்குத்தான் போகுது. ஆனா அங்க போக லாரி வாடகை பேரூராட்சிதான் குடுக்கணும், லாரி முழுசா நிறையணும். கட்டு கட்டாம உதிரியா ஏத்தினா லாரி பார்க்க கோபுரம் மாதிரி இருக்கும், எடை மேடையில ரெண்டு டன் கூட காட்டாது. பேலிங் மெஷின்ல அமுக்கிக் கட்டினா அதே லாரியில 10 டன் போகும். அந்த 10 டன் சேர ஒரு ஊருக்கு 20லேந்து 25 நாள் ஆகும். அந்த 25 நாள்ல என்ன நடக்கும் தெரியுமா, ரெண்டு மழை பெய்யும், சரக்கு நனையும், நனைஞ்சதை ஆலை வேண்டாம்னு திருப்பும், கிடங்குல குமியும், ஒரு நாள் ராத்திரி யாரோ பீடியைப் போட்டோ, இல்ல இடம் காலியாகட்டும்னு வேணும்னே பத்த வச்சோ எரியும். நீங்க ஊர் எல்லையில பார்க்கற புகைல பெரும்பகுதி இந்த லாரி நிறையாத புகைதான். அஞ்சு ஊர் சேர்ந்தா அதே 10 டன் நாலஞ்சு நாள்ல சேர்ந்துடும், வாரத்துக்கு சராசரியா ஒண்ணரை லாரி நிச்சயமா கிளம்பும், சரக்கு கிடந்து நனையவே நனையாது.

இதை நான் கண்ணால பார்த்திருக்கேன். நான் வேலை பார்த்த ஒரு ஊர்ல புது பேலிங் மெஷின் வந்து இறங்குச்சு, பச்சை பெயிண்ட் கூட உரியல, ஆனா ஷெட்டுக்கு த்ரீ ஃபேஸ் கனெக்ஷன் வாங்கல. கனெக்ஷன் வந்தப்போ மெஷினை தினமும் ஓட்டற அளவுக்கு சரக்கு இல்ல. தார்ப்பாய் போட்டு மூடி வச்சாங்க, அது மேல கோழி உட்கார்ந்து முட்டை வச்சுது. 9 கிலோமீட்டர் தள்ளி இருந்த அடுத்த ஊர்ல மலை மாதிரி சரக்கு, கட்டறதுக்கு மெஷின் இல்ல, அங்க ஒரு அக்கா காலால மிதிச்சு மிதிச்சு சாக்குல அடைச்சுட்டு இருந்தாங்க. அந்த அக்காவுக்கு கவரைக் கையில கசக்கின சத்தத்துலயே எது விலை போகும் எது சிமெண்ட் ஆலைக்குன்னு தெரியும், பார்க்கவே மாட்டாங்க, மொறமொறன்னா ஒரு பக்கம் சளசளன்னா ஒரு பக்கம். ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு டிராக்டர் டிரெயிலர் ஓடியிருந்தா போதும். ரெண்டு செயல் அலுவலரும் நல்லவங்க, ஆனா ஒரு ஊர் மெஷின்ல அடுத்த ஊர் சரக்கைக் கட்டினா கரண்ட் பில்லை எந்தக் கணக்குல எழுதறதுன்னு ஆடிட்டுக்குப் பயந்து ரெண்டு பேருமே விட்டுட்டாங்க.

சட்டத்துல இடம் இருக்கான்னா, தாராளமா இருக்கு. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே 50 கிலோமீட்டருக்குள்ள, தேவைன்னா அதுக்கு மேலயும், இருக்கற ஊர்க் கூட்டத்துக்கு செலவைப் பகிர்ந்துக்கற பொது நிலநிரப்பு தளம் அமைய மாநில நகராட்சித் துறை வழி பண்ணணும்னு எழுதி வச்சாங்க. 5 லட்சம் ஜனத்தொகைக்குக் கீழ இருக்கற ஊர்களுக்கு பொதுத் தளமோ மண்டலத் தளமோ 3 வருஷத்துக்குள்ள வரணும்னு கெடுவும் போட்டாங்க, அந்தக் கெடு 2019லயே முடிஞ்சு போச்சு. இன்னொண்ணையும் அதே விதி தெளிவா சொல்லுச்சு, அந்தத் தளத்துக்குள்ள போக வேண்டியது எதுக்குமே ஆகாத, மக்காத, எரியாத மிச்சம் மட்டும்தான். நல்லா எரியற சரக்கை, கிலோவுக்கு 1500 கிலோ கலோரியோ அதுக்கு மேலயோ இருக்கறதை, புதைக்கவே கூடாதுன்னும் சொல்லுச்சு. அதனால உங்க ஊர் 12 ஏக்கருக்கு யாராவது "அஞ்சு ஊர் குப்பையும் வந்து கொட்டுவோம்"னு சொன்னா அது 2016 விதி சொன்ன பொதுத் தளமே கிடையாது, அதை நீங்க தைரியமா சொல்லலாம்.

நம்ம ஊருக்கு இந்தக் கூட்டு புதுசும் இல்ல. கூட்டுக் குடிநீர்த் திட்டம்னு சொன்னா சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஒகேனக்கல் திட்டத்துல தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்து ஊர்களும் ஒரே இடத்துத் தண்ணியைக் குடிக்குது. மெயின் லைனும் பம்பிங்கும் குடிநீர் வாரியம் பார்க்கும், ஊர் தொட்டிக்கு வந்த பிறகு தெருக்குழாய் வரைக்கும் உள்ளாட்சி பார்க்கும். குப்பைக்கும் இதே பங்கீடுதான் சரி, திசை மட்டும் தலைகீழ். வீட்டு வாசல்லேந்து ஷெட் வரைக்கும் ஊர் பார்க்கணும், ஷெட்லேந்து ஆலை வரைக்கும் பொது அமைப்பு பார்க்கணும். ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. தண்ணி எல்லாருக்கும் வரணும், குப்பை எல்லார்கிட்டேந்தும் போகணும். தண்ணிக்காக ஒருத்தர் வீட்டு வழியா பைப் போனா அவர் பொறுத்துக்குவார், குப்பைக்கு மாட்டார். அதனால குடிநீர்ல இல்லாத ஒரு சரத்து இங்க வேணும், சரக்கை ஏத்துக்கற ஊருக்கு மத்த நாலு ஊரும் என்ன குடுக்கப் போறாங்கன்னு.

அந்த சரத்து இல்லாம போனா என்ன ஆகும்ங்கறதுக்கு கேரளாவுல இருக்கற விளப்பில்சாலைதான் நமக்குப் பக்கத்து உதாரணம். திருவனந்தபுரம் மாநகராட்சி 2000த்துல தன் எல்லைக்கு வெளிய விளப்பில் பஞ்சாயத்துல ஒரு ஆலை வச்சாங்க. கலந்த குப்பையா வந்து குவிஞ்சுது, கழிவுநீர் ஓடையில இறங்குச்சு, ஊர்ல இருக்க முடியாத நாத்தம். பத்து வருஷத்துக்கு மேல கத்திப் பார்த்துட்டு 2011 டிசம்பர்ல பஞ்சாயத்து ஆலைக்குப் பூட்டு போட்டுடுச்சு. 2012ல போலீஸ் பாதுகாப்போட கொண்டு போகப் பார்த்தப்பவும் ஜனங்க ரோட்டுல உட்கார்ந்து தடுத்துட்டாங்க. தலைநகரமே குப்பைக்கு இடமில்லாம தவிச்சுது, அப்புறம்தான் வீட்டுலயும் வார்டுலயும் உரமாக்கற பக்கம் திரும்பினாங்க. இது கூட்டு இல்ல, ஒரு ஊர் இன்னொரு ஊர் மேல போட்ட சுமை.

ஜப்பான் பேரைச் சொன்னீங்களே, அங்கயும் சும்மா வந்துடல. டோக்கியோவுல 23 வார்டு, ஒவ்வொண்ணும் ஒரு நகராட்சி மாதிரி. அறுபதுகள், எழுபதுகள்ல அந்த வார்டுகளோட குப்பையில பெரும்பகுதி கோட்டோங்கற ஒரு வார்டு வழியாத்தான் கடலோரம் போய்க் கொட்டுச்சு. அங்க கொட்டின ஒரு இடத்துக்குப் பேரு யுமெனோஷிமா, கனவுத் தீவுன்னு அர்த்தம், அந்தத் தீவுலேந்து வந்த ஈ வீடுகள்ல சோத்துத் தட்டு வரைக்கும் மொய்ச்சுது. சுகினாமிங்கற இன்னொரு வார்டுல எரிப்பு ஆலை கட்டக் கூடாதுன்னு அந்தப் பகுதி ஜனங்க எதிர்த்தாங்க. உன் குப்பை மட்டும் என் வார்டுக்கு வரும், உன் வார்டுல ஆலை வரக்கூடாதான்னு 1973ல கோட்டோ வார்டுக்காரங்க சுகினாமி வண்டிகளை ரோட்டுலயே மறிச்சுட்டாங்க. டோக்கியோ கவர்னர் அதுக்கு முன்னாடியே, 1971ல, "குப்பைப் போர்"னே அறிவிச்சிருந்தார். அந்த சண்டைக்கு அப்புறம்தான் உன் குப்பைக்கு நீ பொறுப்புங்கற எண்ணம் அங்க வேர் விட்டுச்சு, சுகினாமியிலயும் எண்பதுகள்ல ஆலை வந்துச்சு. 2000த்துலேந்து அங்க இருக்கற ஏற்பாடு என்னன்னா, வீட்டு வாசல்ல எடுக்கறது அந்தந்த வார்டு, எரிக்கறது 23 வார்டும் சேர்ந்து வச்சிருக்கற பொதுச் சங்கம், கடைசி சாம்பல் போற இடத்தைப் பார்த்துக்கறது டோக்கியோ மாநகர அரசு. சுமையைப் பகிர்ந்த பிறகுதான் வேலையைப் பகிர முடிஞ்சுது.

இந்தியாவுலயும் இல்லாம இல்ல, மேற்கு வங்கத்துல ஹூக்ளி ஆத்தங்கரையில உத்தர்பாரா, கொன்னாகர், ரிஷ்ரா, ஸ்ரீராம்பூர், பைத்யபாட்டி, சாம்ப்தானின்னு வரிசையா ஒட்டியிருக்கற ஆறு நகராட்சிக்கு ஜப்பான் கடனுதவியில ஒரே பொதுத் தளம் கட்டினாங்க. ஊரோட ஊர் ஒட்டியிருந்ததாலதான் அது அங்க சாத்தியமாச்சு, நடுவுல 15 கிலோமீட்டர் வயல் இருக்கற நம்ம பக்கத்துக்கு அப்படியே பொருந்தாது.

காசு விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நிறைய கூட்டு உடையும். குடிநீர்த் திட்டத்துல உள்ளாட்சிகள் வாரியத்துக்கு பாக்கி வைக்கறது ஊரறிஞ்ச சங்கதி. குப்பையிலயும் அஞ்சு ஊர்ல ரெண்டு ஊர் மூணாவது மாசத்துலேந்து பணம் கட்டாது, லாரிக்காரர் நிப்பாட்டிடுவார். அதனால டன்னுக்கு இவ்வளவுன்னு கட்டணம் வச்சு, அதை அரசு உள்ளாட்சிக்குக் குடுக்கற மாநில நிதி ஆணைய மானியம் வர்றப்பவே பிடிச்சு பொதுக் கணக்குக்கு அனுப்பற மாதிரி ஒப்பந்தத்துல இருக்கணும்ங்கறது என் கருத்து. இது பண்ண முடியுமான்னு மாவட்ட அளவுல கேட்டுத்தான் உறுதி பண்ணணும், ஆனா இது இல்லாம ஆரம்பிக்காதீங்க. கலந்த குப்பை வந்தா திருப்பி அனுப்பணும், அனுப்பின வண்டியோட வாடகையும் அந்த ஊர் தலையில. ஏத்துக்கற ஊருக்கு டன்னுக்கு ஒரு தொகை தனியா போகணும், அது பொதுக் கஜானாவுல கரையாம அந்த ஷெட்டைச் சுத்தி இருக்கற தெருவுக்கே செலவாகணும், ரோடு, லைட், கிணத்துத் தண்ணி டெஸ்ட்.

தனியார் கம்பெனி வந்து நாங்க எல்லாத்தையும் பார்த்துக்கறோம்னு சொன்னா அவங்க ஒப்பந்தத்துல ரெண்டு சரத்தைத் தேடிப் பாருங்க. எடைக்குக் காசுன்னு இருந்தா குப்பையோட மண்ணும் கட்டட இடிபாடும் சேர்ந்து ஏறும், நான் எடை மேடையில நின்னு ஒரு வண்டியைக் கொட்டச் சொல்லிப் பார்த்தப்போ பாதி செங்கல் துண்டு. இன்னொண்ணு "தினமும் இத்தனை டன் தந்தே ஆகணும்"ங்கற சரத்து. அதுல கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்கு உங்க ஜனங்க நல்லா பிரிச்சுக் குடுத்து குப்பை குறைஞ்சா ஊர் அபராதம் கட்டணும். குப்பையைக் குறைச்சதுக்கு தண்டம் கட்டற நிலைமை எந்த ஊருக்கும் வரக்கூடாது.

யாருமே பேசாத ஒண்ணையும் சொல்லணும். பல ஊர்ல மக்காத குப்பையை வித்த காசு தூய்மைப் பணியாளர்களுக்குத்தான் பிரிச்சுக் குடுக்கறாங்க. சம்பளமே கொஞ்சம், அதுல இந்தப் பணம் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், பஸ் சார்ஜ். பொது மையம்னு சொல்லி எல்லா சரக்கையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா அந்தக் காசு போயிடும், காசு போனா பிரிக்கறதும் நின்னுடும், அப்புறம் மெஷின் என்ன விலையில இருந்தாலும் வீண். அதனால விலை போற சரக்கு ஊர்லயே விக்கட்டும், அந்தக் காசு அவங்களுக்கே போகட்டும். பொது மையத்துக்கு விலை போகாததை மட்டும் அனுப்பலாம். இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

சந்தேகம் இருக்கற இடத்தையும் சொல்லிடறேன். சிமெண்ட் ஆலைக்கு அனுப்பறது இன்னைக்கு எரிஞ்சுட்டு இருக்கற திறந்த வெளித் தீயை விட எவ்வளவோ மேல், ஆனா அதுவே நிரந்தரத் தீர்வான்னு கேட்டா நான் தலையாட்ட மாட்டேன். புகைபோக்கியில என்ன வருதுன்னு ஆலைக்குப் பக்கத்துல இருக்கற ஜனங்க கேட்கற கேள்வி நியாயமானது, அந்த சாஷேயைத் தயாரிக்கறதையே நிறுத்தணும்ங்கறதும் நியாயமானது. பிளாஸ்டிக் பேக்கிங் போடற கம்பெனிகளுக்கு அதைத் திரும்ப எடுக்கற கடமை சட்டமாவே இருக்கு. அஞ்சு ஊர் சேர்ந்து எடைச்சீட்டோட மாசம் அறுபது, எழுபது டன் சரக்கு காட்டினா, அந்தக் கணக்கை வச்சு லாரி வாடகையை அந்தக் கம்பெனிகள்கிட்டேந்து வாங்க வழி பிறக்கலாம். தனி ஊரா போய்க் கேட்டா வாசலுக்கு உள்ளயே விட மாட்டாங்க. வாங்க முடியும்னு நான் வாக்கு குடுக்கல, முயற்சி பண்ற அளவு இருக்குன்னு மட்டும் சொல்றேன்.

உங்க 12 ஏக்கருக்கு வர்றேன். முதல்ல டேப் எடுத்துக்கிட்டுப் போய் அளந்து பாருங்க. நிலநிரப்பு தளம்னா ஆத்துலேந்து 100 மீட்டர், குளம், வீடு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு இதுலேந்தெல்லாம் 200 மீட்டர் தள்ளி இருக்கணும்னு 2016 விதி சொல்லுச்சு. நீங்க சொல்ற பக்கம் வாய்க்கால் இல்லாத இடமே கிடையாது, அதனால புதைக்கற தளம் அங்க சரிவராதுன்னுதான் என் ஊகம், சர்வே படம் பார்க்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கூரை போட்ட ஒரு ஷெட், கான்க்ரீட் தரை, பேலிங் மெஷின், எடை மேடை, காய்ஞ்ச சரக்கு மட்டும் வர்ற இடம்னா ஒண்ணரை, ரெண்டு ஏக்கர் போதும், நாத்தம் வராது, அதை எதிர்க்க வேண்டாம். ஏத்துக்கற ஊர்னு நல்ல சரத்தோட வாங்கினா உங்க ஊருக்கு லாபம்தான். மீதி 10 ஏக்கர் எதுக்குன்னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு எழுத்துல பதில் வராத வரைக்கும் மன்றத் தீர்மானம் போட விடாதீங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஏழு நாள் தொடர்ந்து உங்க ஊர் வண்டி ஒவ்வொண்ணையும் எடை போடுங்க, மக்கறது, விலை போறது, போகாததுன்னு மூணா. அந்த ஏழு நாள்ல ஒரு சந்தை நாளும் ஒரு முகூர்த்த நாளும் கட்டாயம் வரணும், இல்லன்னா கணக்கு தப்பும். பக்கத்து நாலு ஊர்லயும் தெரிஞ்சவங்க இருந்தா அவங்களையும் அதே வாரம் போடச் சொல்லுங்க. நம்பர் கைக்கு வந்ததும் இங்கயே போடுங்க, எந்த ஊர் வழியா டிராக்டர் சுத்தினா எத்தனை நாளைக்கு ஒரு லாரி நிறையும்னு நான் கணக்குப் போட்டுத் தரேன்.